சூடு ஆறாத தட்டுகள்

அந்தக் கம்பியைப் பிடிக்காதீங்க, கையோடு வந்துவிடும். போன மாதம் ஒருத்தர் இறங்கும்போது கம்பியும் கூடவே இறங்கி அவர் வீட்டுக்குப் போய்விட்டது. சிரிக்கிறீங்களே, நிஜம். கண்டக்டரைக் கேட்டால் இல்லை என்பான். அவனுக்கு வேலை போய்விடும் அல்லவா?

காந்திபுரம் வரைக்குமா? நல்லது, நானும் அங்கேதான். அங்கிருந்து கோர்ட்டு. தள்ளி உட்காராதீங்க, நான் குற்றவாளி இல்லை. சாட்சி. பதினோரு மணிக்குக் கூப்பிடுவார்கள். ஒருத்தனுடைய கை போன கேஸ். கம்பெனிக்காரர்கள் பிடித்து வைத்து நசுக்கினார்கள் என்கிறான் அவன். அவனே போய் மெஷினில் கையைக் கொடுத்துக்கொண்டான் என்கிறது கம்பெனி. பார்த்து, வாய் திறக்கக்கூடிய ஆள் நான் ஒருத்தன்தான். நான் எப்படிச் சொல்கிறேனோ அப்படித்தான் அந்தக் கை போனதாக ஆகும். எவ்வளவு பெரிய பொறுப்பு பாருங்க! சட்டைக்குக் கஞ்சி போட்டிருக்கிறேன்.

பேர் பட்டீஸ்வரன். மைக்ரோமீட்டர் பட்டீசு என்று கணபதிப் பக்கம் எந்த லேத்துப் பட்டறையில் வேண்டுமானாலும் கேளுங்க, மெஷினை நிறுத்திவிட்டுச் சொல்லுவார்கள். முப்பத்தெட்டு வருஷம் அளவு பார்க்கிற வேலை. இந்தக் கட்டைவிரலைப் பாருங்க. தொடாதீங்க, பாருங்க. பித்தளை மேல் ஈ உட்கார்ந்துவிட்டுப் போன இடத்தைத் தடவி, வந்தது ஆண் ஈயா பெண் ஈயா என்று சொல்லியிருக்கிறேன். ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரன், இந்த விரலை மட்டும் கூடக் கொண்டுபோகலாமா என்று கேட்டான். மிச்ச ஆள் அவனுக்கு வேண்டாமாம்.

கம்பெனி பேர் மணிமகுடம் ஏரோ காம்பொனன்ட்ஸ். முதலாளி ராமபத்திரன். ஒரு காலத்தில் கிணற்று மோட்டாருக்கு உதிரி சாமான் செய்துகொண்டிருந்தவர், பிறகு ஏரோ ஆகிவிட்டார். தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். நான் சாப்பிட்டே காட்டியிருக்கிறேன். அங்கே ஒரு பொருள் செய்தோம். அலுமினியத்தில், தூக்குப்போசி மூடி மாதிரி, நுனி கூம்பினாற்போல் இருக்கும். டிராயிங்கில் பேர் கிடையாது, நம்பர் மட்டும். நாங்கள் தொப்பி என்போம். பம்ப் பார்ட்டு என்பார் முதலாளி. கடல் தாண்டிப் போகிற பம்ப். ஆயுத பூஜை அன்றைக்கு அதற்குப் பொட்டு வைக்கும்போது மட்டும் நான், "இன்னைக்குத்தானுங்க சரியான சாமானுக்குச் சரியான பூஜை" என்பேன். அவர் என் விலாவில் இடிப்பார். எனக்குத் தெரியாதா? குண்டோட மூக்கு அது. எந்தப் பம்ப்புக்கு மூக்கு இருக்கிறது?

அதில் எனக்குக் கௌரவம்தான், மறைக்க மாட்டேன். செய்தியில் எங்கேயாவது ஓர் ஊர் எரிந்தால் சம்சாரத்தைக் கூப்பிட்டு, "பாரு, நம்ம கணபதிச் சாமான் எங்கெங்க போய் நிக்குது" என்பேன். "உங்க வாயி அழுகிப்போக" என்று அவள் சானலை மாற்றிவிடுவாள். பொம்பளைகளுக்குத் தொழில் தெரியாது.

கை போனவன் பேர் குகதாசன். இலங்கைக்காரன். பவானிசாகர் அகதி முகாமிலிருந்து வருவான். தொப்பி கடைகிற லேத்து இரண்டு, அதில் ஆறாம் நம்பர் வேறொருத்தன், நாலாம் நம்பர் இவன். ஆள் ஒல்லி, பேச்சு கம்மி. ஆனால் கை இருக்கிறதே, அவன் தொட்டால் மெஷினே மூச்சை அடக்கிக்கொள்ளும். என் விரலுக்கு அடுத்தபடியாக அந்தக் கம்பெனியில் ஒன்று உண்டென்றால் அது அவன் கை.

மத்தியானம் சாப்பிடும்போது நான் கதை விடுவேன். அன்றைக்கு, பீளமேட்டில் இறங்க முடியாமல் சுற்றிக்கொண்டிருந்த பிளேனுக்கு, மொட்டை மாடியில் நின்று ஒரு வாஷரை எறிந்து கொடுத்து இறக்கிய கதை. பைலட் ஜன்னலைத் திறந்து கேட்ச் பிடித்தான் என்றேன். சோறு புரையேறுகிற அளவுக்குச் சிரிப்பு. குகதாசன் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் சாமான் தட்டில் கிடந்த ஒரு தொப்பியை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணை, இது தொப்பியில்லை."

"அப்ப என்னடா? வேட்டியா?"

"இந்தச் சாதிச் சாமான் எங்கட வீட்டுக்கு ரெண்டு வந்தது. முதலாவது முற்றத்தில விழுந்து வெடிச்சது. மூத்தவளின்ரை தலை கிணத்துக்கட்டில இருந்தது, ஆரோ எடுத்து வைச்ச மாதிரி. சின்னவனைத் தேடித் தேடிப் பொறுக்கினனாங்கள். ஒரு சீலைக்குள்ள அடங்கிட்டான். மற்றது கூரையைப் பிச்சுக்கொண்டு வந்து எனக்கும் மனுசிக்கும் நடுவில குத்தி நிண்டது. வெடிக்கேல்லை. வெளியில இன்னும் விழுந்துகொண்டிருந்தது, ஓட ஏலாது. மத்தியானம் முழுக்க அதுக்குப் பக்கத்திலதான் இருந்தனாங்கள். பிறகு தொட்டுப் பார்த்தன். மூக்கு ஆடிச்சுது. எங்கையோ ஒருத்தன் லூசா அடிச்சு விட்டிருக்கிறான். குடிச்சிருந்தானோ, நித்திரையோ தெரியாது. அவனாலதான் நான் இண்டைக்குச் சோறு தின்னுறன்."

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நான் விட்டதற்கு எதிர்க்கதை விடுகிறான்! பயல் பரவாயில்லையே என்று நினைத்தேன். ஆனால் கதையில் ஒரு குறை. பெரியவன் சொல்ல வேண்டாமா? சொன்னேன்: "குகா, மத்ததெல்லாம் ஜோரு. தலை கிணத்துக்கட்டு மேல இருந்துச்சுன்னியே, அதை எவனும் நம்ப மாட்டான். கிணத்துக்குள்ள விழுந்துருச்சுன்னு சொல்லு, நல்லா எடுபடும்."

தொப்பியைச் சாமான் தட்டிலேயே திரும்ப வைத்தான். "சரி அண்ணை" என்று எழுந்து போய்க் கை கழுவினான். தட்டில் சோறு அப்படியே கிடந்தது. குறை சொன்னால் புதுசாகக் கதை விடுகிறவர்களுக்குப் பொறுக்காது.

அன்னூர் வந்துவிட்டது. இறங்குகிறவர்கள் இறங்கட்டும்... ம். எங்கே விட்டேன்?

அதற்குப் பிறகுதான் அவனிடமிருந்து சூடு ஆறாத அந்தச் சாமான் தட்டுகள் வர ஆரம்பித்தன. இப்படிச் சொல்கிறேன், கேளுங்க. அலுமினியம் சூட்டில் பெருக்கும், ஆறினால் சுருங்கும். லேத்திலிருந்து வந்த பொருளை ஏசி அறையில் ஒரு மணி நேரம் ஆறப்போட்டு, அப்புறம்தான் அளக்கணும். சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. நான் ஆறப்போட மாட்டேன். ஆறப்போடுவதெல்லாம் விரல் இல்லாதவன் வேலை. சுடச்சுடப் பிடித்து, சூட்டைக் கழித்து, சரியான அளவைச் சொல்லிவிடும் இந்த விரல். இது கம்பெனிக்கே தெரியும். குகதாசனுக்கும் தெரியும்.

மணி ஒன்றாக ஐந்து நிமிஷம் இருக்கும்போது தட்டைத் தூக்கிக்கொண்டு வருவான். அந்த நேரத்துக்குத்தான் கேன்டீனிலிருந்து கொள்ளுப் பருப்பு வாசம் வரும். "சுடுது அண்ணை, பார்த்துப் பிடியுங்கோ" என்பான். பிடிப்பேன். அளவு இருக்கும். சீல் குத்துவேன், சாப்பிடப் போவேன். நாலு மாதம். எத்தனை தட்டு என்று கேட்காதீங்க, ஒரு கப்பல் நிறைய என்று வையுங்க.

ஒரு நாள் முதலாளி கேபினுக்குக் கூப்பிட்டார். முகம் வேகாத பிட்டு மாதிரி இருந்தது. செல்போனை என் பக்கம் திருப்பி வைத்தார். படம் ஓடியது. ஏதோ ஒரு நாடு, ஏதோ ஒரு சந்தை. மேலேயிருந்து விழுகிறது. விழுகிறது, குத்தி நிற்கிறது. அவ்வளவுதான்! ஒன்று தக்காளிக் குவியலுக்குள். குப்புறப் படுத்திருந்த கடைக்காரன் மெதுவாகத் தலையைத் தூக்கிப் பார்க்கிறான், எழுந்து ஓடுகிறான். ஒரு பொம்பளை இடுப்பில் குழந்தையோடு, சாக்கடையைத் தாண்டுகிற மாதிரி நம்ம சாமானைத் தாண்டிப் போகிறாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. முப்பத்தெட்டு வருஷத்தில் என் சாமானை ஒருத்தி தாண்டிப் போனதில்லை.

அறுபத்திரண்டு விழுந்ததாம். வெடித்தது பதினொன்று. அந்தப் பதினொன்று ஆறாம் நம்பர் லேத்தாகத்தான் இருக்கும். அதுவும் படத்தில் இருந்தது. எப்படி வேலை செய்தது தெரியுமா! ஒரு வேன் நின்ற இடத்தில் குழி. வேனின் கதவு எதிர்வீட்டு மாடியில். கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி ஒரு கை மட்டும், முழங்கை வரைக்கும், வளையலோடு. ரோட்டில் ஒருத்தன் உட்கார்ந்து தன் குடலைத் தானே வாரி மடியில் போட்டுக்கொண்டிருந்தான், சிந்தின அரிசியை வாருகிற மாதிரி. வேலை என்றால் அது வேலை. ஏனுங்க, முகத்தைத் திருப்பிக்கிறீங்க? செய்தியில் காட்டுகிறதுதானே.

"பட்டீசண்ணே, ஒவ்வொரு சீட்டுலயும் உங்க கையெழுத்துங்க" என்றார் முதலாளி. "வாயில அளக்கற மாதிரியே சாமானையும் அளந்தீங்களாக்கு?"

சொல்லுங்க, ஒரு மனுஷனிடம் கேட்கிற கேள்வியா இது?

வாங்கினவன் திருப்பி அனுப்பின தொப்பிப் பெட்டிகளை உடைத்து உட்கார்ந்தேன். எல்லாம் ஆறிக் கிடந்தவை. ஆறாம் நம்பர் சாமான் சரி. நாலாம் நம்பர் சாமான் ஒவ்வொன்றும் ஒரு முடியின் மூன்றில் ஒரு பங்கு குறைச்சல். ஒவ்வொன்றும்! கூட இல்லை, குறைய இல்லை, அதே மூன்றில் ஒரு பங்கு. தப்பு இப்படி வராது. தப்புக்கு ஒழுக்கம் கிடையாது. போய் நாலாம் நம்பர் லேத்தைப் பார்த்தேன். சாமான் சூடாகாமல் இருக்க அதன் மேல் எண்ணெய்த் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கும், அந்தக் குழாயைத் திருகி அடைத்திருந்தான். புரிகிறதா? வேண்டுமென்றே சூடாக்கி, பெருக்க வைத்து, என் பசி நேரம் பார்த்து நீட்டியிருக்கிறான். நான் சீல் குத்தின பிறகு ஆறிச் சுருங்கிவிடும். உட்காருகிற இடத்தில் ஆடும். மூக்கு ஆடினால் உள்ளே இருக்கிற ஊசி நேராகக் குத்தாது. குத்தாவிட்டால் வெடிக்காது.

நான் தனியாக நின்று கை தட்டினேனுங்க. என்னை ஏமாற்றவும் ஒருத்தன் பிறந்து வந்திருக்கிறான்!

தட்டி முடித்த கையோடு முதலாளியிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்டிருக்கலாமே என்கிறீங்களா? விட்டிருந்தால், கண்டுபிடித்தது யாரென்று எப்படித் தெரியும்?

கோவில்பாளையம். இங்கே ஒரு நிமிஷம் நிற்கும்.

போலீசுக்குப் போகவில்லை முதலாளி. வேண்டுமென்றே கெடுத்தான் என்று புகார் கொடுத்தால், எதைக் கெடுத்தான் என்று கேட்பார்கள். பம்ப் பார்ட்டைக் கெடுக்க எவன் நாலு மாதம் உட்கார்ந்து மெனக்கெடுவான்? அதனால் ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொன்று, கம்பெனி லீவு. குகதாசனை ஓவர்டைம் என்று வரச் சொன்னார்கள். முதலாளி இருந்தார். லோடு ஏற்றுகிற துரைக்கண்ணு இருந்தான். அவன் அரிசி மூட்டையைப் பல்லால் கடித்துத் தூக்குகிறவன். இது கதையில்லை. நானும் இருந்தேன். டீ கேனுக்குப் பக்கத்தில். சும்மா.

"நீ பண்ணுனதாடா?" என்றார் முதலாளி.

"ஓம்" என்றான். "செய்தனான்."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். துரைக்கண்ணு முப்பத்திரண்டாம் நம்பர் ஸ்பேனரால் வாயில் அடித்தான். பல் இரண்டு தெறித்து என் செருப்புக்கிட்டே வந்து விழுந்தது. அடுத்தது காதில். அடுத்தது முட்டியில், ஐஸ் கட்டியை உடைக்கிற சத்தம். கீழே விழுந்தவனை எழுப்பி, திரும்ப விழவைத்து, திரும்ப எழுப்பினான். அந்தத் தரை நான் சாப்பிட்டுக் காட்டின தரை என்று சொன்னேனில்லையா, அது முழுக்க ரத்தம். முதலாளி, "எந்தக் கைடா அந்தக் குழாயை மூடுச்சு?" என்று கேட்டார். அவன் வலது கையைத் தூக்கிக் காட்டினான். பொய் சொல்லத் தெரியாத ஜன்மம். இடதைக் காட்டியிருந்தால் யாருக்குத் தெரியும்?

அப்புறம் பிரஸ். கையால் இயக்குகிற பிரஸ், பார்த்திருப்பீங்க. மேலே குறுக்குத் தண்டில் இரண்டு இரும்புக் குண்டு. சுழற்றி விட்டால் தகடு வெட்டுகிற அச்சு இறங்கி இடிக்கும். அதில் கையை வைத்து... அவ்வளவுதான். நான் டீ கேன் பக்கம் இருந்தேன் என்று சொன்னேனில்லையா.

அவன் பெண்டாட்டி வதனி போன வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. "நீங்கள் கண்டதைச் சொல்லுங்கோ ஐயா. காசு ஒண்டும் வேண்டாம். அவர்தான் கையைக் குடுத்தவரெண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள். "நான் கண்டது எவ்வளவோ இருக்குது கண்ணு, அதுல எதைச் சொல்ல?" என்றேன். என் சம்சாரம் அவளுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, எனக்கு மூன்று நாள் கொடுக்கவில்லை.

மறுநாளே முதலாளி வந்தார், வக்கீலோடு. "அண்ணே, உங்களை எந்த வக்கீலும் குறுக்குக் கேள்வியில மடக்க முடியாதுங்க. நீங்க விடற கதைக்கு முன்னால எவன் நிப்பான்?" என்று தோளில் கை போட்டார். நியாயமான பேச்சு. என்ன சொல்லணும் என்று வக்கீல் தாளில் எழுதியே கொடுத்துவிட்டார். இந்தாங்க, நீங்களே படிங்க. கண்ணாடி இல்லையா? சரி, நானே படிக்கிறேன். "மேற்படி குகதாசன் இத்தொழிலில் போதிய பயிற்சி இல்லாதவர். தன் கவனக்குறைவால் பிரஸ்ஸினுள் கையை விட்டதில் அவரது விரல்கள் தாறுமாறாக நசுங்கின."

சரவணம்பட்டி தாண்டியாச்சா? கொஞ்ச நேரம்தான் இருக்கிறது.

முந்தாநாளிலிருந்து இந்தத் தாளைத்தான் மனப்பாடம் செய்கிறேன். பயிற்சி இல்லாதவன் என்கிற இடத்திலேயே நாக்கு இடறுகிறது. என்னை நாலு மாதம் ஏமாற்றினவன் பயிற்சி இல்லாதவனா? அப்படியானால் நான் யார்? சரி, அதைக்கூட விழுங்கிவிடலாம் என்று பார்த்தேன். அடுத்த வரி இருக்கிறதே. தாறுமாறாக!

உங்களிடம் சொல்வதற்கு என்ன, குகதாசன்கூட இதுவரைக்கும் யாரிடமும் என் பேரைச் சொல்லவில்லை. நான் டீ கேன் பக்கம் இல்லை. அவன் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இல்லை, அதுவும் முதலில்தான். அப்புறம் துரைக்கண்ணு பிடித்துக்கொண்டான்.

துரைக்கண்ணு முழுக் கையையும் உள்ளே திணித்துவிட்டுக் குண்டைச் சுழற்றப் போனான். மாட்டுத்தொழுவத்து ஆள், அவனுக்கு என்ன தெரியும்? முழங்கை வரை கூழாகியிருக்கும். "டேய், நில்றா! இது என்ன ஆட்டுக்கல்லா?" என்று கத்தினேன். முதலாளியிடம் சொன்னேன், "ஏனுங்க, முழுக் கை போனா ஆஸ்பத்திரில நூறு கேள்வி கேப்பானுங்க. மூணு விரல்னா பிரஸ் வேலையில வழக்கமாப் போறதுதான்." "மூணுன்னா மூணுல நிக்குமா?" என்றார்.

என்னிடம் கேட்கிறார்! மூன்றில் நிற்குமா என்று!

எவ்வளவு இறங்கணும் என்று அந்தப் பிரஸ்ஸில் நிறுத்தி வைக்க ஒரு திருகு மரை உண்டு. அதை நான்தான் வைத்தேன். அவன் கையை விரித்து, விரல் விரலாக எடுத்து, கீழ்த்தகட்டில் நேராக வைத்தேன். ரத்தத்தில் வழுக்கியது, என் வேட்டி முனையால் துடைத்துவிட்டு வைத்தேன். அவன் என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பல் இரண்டு போனதால் பேச்சு குழறியது.

"எத்தினை வைச்சிருக்கிறியள், அண்ணை?"

தொழில்காரன் கேட்டால் தொழில்காரன் சொல்லணும். "மூணு விரலு குகா. ரெண்டாம் கணு. ஒரு நூல் தாண்டாது."

"கட்டைவிரலை விட்டுடுங்கோ."

விட்டேனே! கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் மடக்கி வெளியே வைத்தேன். பிறகு குண்டைச் சுழற்றினேன். துரைக்கண்ணு கிட்டக்கூட வரவில்லை. ஒரே சுற்று. அவன் போட்ட சத்தத்தில் மேலே தகரத்திலிருந்த புறா எல்லாம் எழுந்து போய்விட்டது. இது புளுகு இல்லை, நான் அண்ணாந்து பார்த்தேன். குண்டு எழும்பி நின்றதும் விரல் மூன்றும் கீழ்த்தகட்டில் தனியாகக் கிடந்தன. வரிசையாக, வெட்டு ஒரே கோட்டில். முதலாளி வாந்தி எடுத்தார். நான் குனிந்து பார்த்தேன். ஒரு நூல் தாண்டவில்லை.

இதைப் போய்த் தாறுமாறு என்று எழுதியிருக்கிறான் அந்த வக்கீல்! அந்த ஆறின தொப்பிகள் கெடுத்த பேரை நான் எங்கே போய் மீட்டேன் என்று நினைக்கிறீங்க? அங்கேதான். அந்த ஒரு சுற்றில்தான்.

கணபதி. இன்னும் இரண்டே ஸ்டாப்பு. கொஞ்சம் காலை ஒதுக்குங்க, முன்னால் போய் நிற்கிறேன்.

என்ன? உங்களையும் சேர்த்துப் பிடித்து உள்ளே போடுவார்களே என்கிறீங்களா? போடட்டும். யார் செய்தது என்று எழுதிக்கொண்டுதானே போடுவார்கள்? ஜட்ஜய்யா முன்னால் அந்தத் தாளைக் கிழித்துப் போடப் போகிறேன். முதலாளி பார்க்கட்டும், துரைக்கண்ணு பார்க்கட்டும், அந்தப் பெண் வதனியும் பார்க்கட்டும். மரையை வைத்தது யார், சுழற்றியது யார், எல்லாம் சொல்வேன். சும்மா இல்லை, ஸ்கேல் கொண்டுவரச் சொல்வேன். "குகா, கையைத் தூக்கி அய்யாவுக்குக் காட்டு" என்பேன். அவன் காட்டுவான், அவனுக்கும் தொழில் தெரியும். ஜட்ஜய்யாவே இறங்கி வந்து மூன்று மொட்டை விரலின் மேலும் ஸ்கேலை வைத்துப் பார்க்கட்டும். பார்த்துவிட்டு அவரே சொல்லட்டும், விபத்துக்கு இவ்வளவு நேர்கோடு வருமா என்று.